பாதியில் போன படைத்தலைவன்

ஆப்பரா ரசிகர்கள் பட்டும் முத்துமாலையுமாக உட்கார்ந்து நாசூக்காகக் கைதட்டுகிறவர்கள் என்று நினைப்பவர்கள், மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் உச்சி மாடிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். அங்கே டிக்கெட் சல்லிசு; காது படுகூர்மை. பாட்டு பிடிக்கவில்லையென்றால் 'பூ' என்று கூவிவிடுவார்கள்.

2006 டிசம்பர் 10 அன்று வெர்டியின் 'அயீடா'. எகிப்தியப் படைத்தலைவன் ரடாமேஸாக பிரெஞ்சு டெனர் ராபர்ட்டோ அலான்யா. முதல் பாட்டு முடிந்ததுமே மேலேயிருந்து கூச்சல். மனுஷன் ஒரு சலாம் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறிவிட்டார்! ஆர்க்கெஸ்ட்ரா அதுபாட்டுக்கு வாசிக்கிறது. அவரோடு பாடவேண்டிய இளவரசி அம்னெரிஸ் தனியாக நிற்கிறாள். மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பியை அவசரமாக மேடைக்கு அனுப்பினார்கள். சுற்றிலும் ஸெஃபிரெல்லியின் தங்க எகிப்து. நடுவே சாதாரண சட்டை பேண்ட்டில் ஒருத்தர்.

இதில் வெர்டிக்கும் பங்கு உண்டு. திரை விலகிய சில நிமிஷத்தில், தொண்டை சூடாவதற்குள், இத்தனை கஷ்டமான பாட்டை வைத்துவிட்டார். அதன் கடைசி உச்ச ஸ்வரம் மெல்லத் தேய்ந்து மறையவேண்டும் என்று எழுதியும் வைத்திருக்கிறார். பல டெனர்கள் (பெரிய பெயர்கள்தான்) அதை ஓங்கி முழங்கிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள். அதற்கு உச்சி மாடி கூவினால் ஒப்புக்கொள்ளலாம்.

அலான்யாவின் ரோஷம் புரிகிறது. ஆனால் அவர் விட்டுவிட்டுப் போனது கூவியவர்களை மட்டுமல்ல, அம்னெரிஸையும்தான். பலோம்பி கடைசிக் காட்சியில் உயிரோடு புதைக்கப்படும்வரை இருந்து பாடிக்கொடுத்தார்.