சுவரும் விமானமும்: பரமேச்சுர விண்ணகரத்தை வாசிக்கும் முறை

காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலாகிய பரமேச்சுர விண்ணகரத்தைப் பற்றிய எழுத்துகள் இருவகையாகப் பிரிந்து நிற்கின்றன. வரலாற்றாசிரியர்க்கு அது பல்லவர் சரித்திரம் செதுக்கிய சுவர். அடியார்க்கு அது திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த திவ்யதேசம். முன்னவர் விமானத்தையும் பின்னவர் சுவரையும் காணாது கடக்கின்றனர். கோயிலின் அமைப்போ இரண்டையும் ஒருங்கே காணச் செய்வது.

எட்டாம் நூற்றாண்டில் இதனை எடுப்பித்த இரண்டாம் நந்திவர்மன் நேர்வழி வாரிசல்லன். இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பின், கிளைமரபினனான இரணியவர்மனின் மகனைப் பன்னிரண்டாம் வயதில் அழைத்துவந்து முடிசூட்டினர். இதனைத் திருச்சுற்று மாளிகைச் சிற்பங்களும் அவற்றின் விளக்கக் கல்வெட்டும் கூறுகின்றன. நான்முகன் தொடங்கி அசுவத்தாமன் வழியே இறங்கும் வம்சாவளியும் அங்கேயே உள்ளது. டாக்டர் சி. மீனாட்சி இச்சிற்பங்களை முறைப்படுத்தி விளக்கிய நூல் 1941இல் வெளிவந்தது. வினாவுக்கு இடமான அரசுரிமையைக் கல்லால் நிலைநாட்டும் நோக்கம் இங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இதனை அரசியல் விளம்பரம் என்று கூறி முடித்துவிடுதல் பொருந்தாது. அச்சிற்பங்கள் வீதியை நோக்கியவையல்ல, விமானத்தை நோக்கியவை. வலம் வருவோர்க்கே அவை புலப்படும். அவர்க்கு வலப்புறம் எம்பெருமான், இடப்புறம் அரசன். மூன்று தளங்களில் இருந்தும் கிடந்தும் நின்றும் ஸேவை ஸாதிக்கும் எம்பெருமானைச் சூழ்ந்து, அரசனுடைய போரும் முடிசூட்டும் பிராகாரமாகின்றன. பிராகாரம் உள்ளிருப்பவனுக்காக நிற்பது, தனக்கென நிற்பதன்று. பின்னாளில் ஆசாரியர்கள் சேஷத்வம் என்று விரித்துரைத்த நிலையை இவ்வமைப்பு கண்ணுக்குக் காட்டுகிறது.

பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் ஒன்பதாம் திருமொழியும் இம்முறையிலேயே நடக்கிறது. பாசுரத்தின் முற்பகுதியில் எம்பெருமான், பிற்பகுதியில் பல்லவன். நென்மெலியும் மண்ணையும் அங்கே பேசப்படுகின்றன. ஆனால் வென்றவன் பணிந்தவனாகவே பாடப்படுகிறான். அவனது வீரத்தை ஆழ்வார் மறைக்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தார். அரசனைப் புகழ்வது ஆழ்வார்க்குத் தகுமோ என்னும் வினாவுக்குத் திருச்சுற்றே விடை சொல்கிறது.

எனவே சுவரை நீக்கிப் பதிகத்தைப் படிப்பதும், பதிகத்தை நீக்கிச் சுவரைப் படிப்பதும் குறைவாசிப்பே. மணற்கல்லாலான அச்சிற்பங்கள் தேய்ந்துவருகின்றன. முகங்கள் மழுங்கிய பலகைகள் பல. திவ்யதேச யாத்திரை செய்வோர் மூலவர் ஸேவையோடு திரும்பாமல், இப்பதிகத்தை அநுஸந்தித்துக்கொண்டே ஒருமுறை திருச்சுற்றை வலம் வரவேண்டும். வியாக்கியானம் பயில்வோரும் அச்சுவரைப் பாடத்தின் பகுதியாகக் கொள்ளவேண்டும். கல் முற்றும் தேய்ந்தபின் இவ்வாசிப்புக்கு இடமிராது.