கேட்டதும் கிடைத்ததும்: சிறைச் சமையலாளர் ஒருவரின் நூல் குறித்த திறனாய்வு

முன்னுரை

மரண தண்டனைக் கைதிகளின் கடைசி உணவு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உண்டவரையே மையப்படுத்துவன. சமைத்தவர் நோக்கில் அமைந்தவை அரியன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹன்ட்ஸ்வில் சிறையில் சமையற்பணி செய்த பிரையன் பிரைஸ் எழுதி 2004இல் வெளிவந்த 'மீல்ஸ் டு டை ஃபார்' அவ்வரிய வகையைச் சேர்ந்தது. பிரைஸும் அச்சிறையில் தண்டனை அனுபவித்த கைதியே. 1991 முதல் 200க்கும் மேற்பட்டோருக்கு அவர் கடைசி உணவு சமைத்தார். சமையற்குறிப்பு, தன்வரலாறு, ஆவணம் எனும் மூன்றும் கலந்த இந்நூலின் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டியலும் தட்டும்

கைதி கேட்ட உணவுப் பட்டியலை நாளிதழ்கள் அச்சிட்டன. சிறைத்துறையும் 2003 வரை தன் இணையதளத்தில் வெளியிட்டது. படித்தோர் அதனையே கைதி உண்டதாகக் கொண்டனர். ஆனால் சமையற்கூடத்தில் இருப்பில் உள்ள பொருள்களைக் கொண்டே சமைக்க வேண்டியிருந்தது. இருபத்து நான்கு டாக்கோ கேட்டதாகச் செய்தி வரும்போது தட்டில் சென்றவை நான்கே எனப் பிரைஸ் கூறியுள்ளார். எனவே பட்டியல் அரசின் தாராளத்தைப் பறைசாற்றியது. தட்டு அதன் எல்லையைக் காட்டியது. இவ்விரண்டிற்கும் இடையிலான குறையை நிரப்பச் சமைப்பவரின் கைப்பக்குவம் ஒன்றே இருந்தது. இவ்விடைவெளியை உள்ளிருந்து காட்டும் சான்றாக அமைவதே நூலின் தலையாய மதிப்பு எனலாம்.

எள்ளலின் இலக்கு

நூலின் குறை அதன் நகைச்சுவையில் உள்ளது. 'தூக்குமேடைக் குழம்பு' என்னும் பொருள்படும் 'கேலோஸ் கிரேவி' போன்ற பெயர்களைப் பிரைஸ் தம் குறிப்புகளுக்குச் சூட்டுகிறார். தொல்காப்பியம் நகைக்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளல் ஒன்று. சிறைக்குள் கைதியர் தமக்குள் பேசும்போது இவ்வெள்ளல் கொலைக்கருவியை நோக்கியது; அச்சத்தைத் தாங்கும் வழி அது. அச்சில் ஏறி வெளியுலக வாசகரிடம் வரும்போதோ, அதே எள்ளல் இறந்தவரை நோக்கித் திரும்பிவிடுகிறது. மேலும், சமையற்குறிப்பு என்பது மீண்டும் மீண்டும் செய்வதற்குரிய வடிவம். ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே சமைக்கப்பட்ட உணவு அவ்வடிவத்துள் அடங்குவதில்லை.

வழக்கம் ஒழிந்த முறை

2011 செப்டம்பர் 21 அன்று லாரன்ஸ் ரசல் புரூவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1998இல் ஜேம்ஸ் பேர்ட் என்னும் கறுப்பினத்தவரை இனவெறியால் கொன்றவர்களுள் அவர் ஒருவர். நீண்ட பட்டியலைக் கேட்ட அவர் எதையும் உண்ணவில்லை. கொலையாளி தன்னால் கொல்லப்பட்டவருக்கு அளிக்காத சலுகை அவனுக்கு எதற்கு என மாநிலச் செனட்டர் ஜான் விட்மயர் எதிர்த்தார்; மறுநாளே அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. பேர்டின் கொலையை நினைவிற்கொண்டால் அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் சினத்தைத் தூண்டியது பட்டியலே என்பது இங்குக் கருதத்தக்கது. அப்போது விடுதலை பெற்றிருந்த பிரைஸ், தம் செலவிலேயே சமைத்துத் தர முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை.

முடிவுரை

கலைநயத்தால் இந்நூல் சிறக்கவில்லை; சான்றாகவே நிலைபெறுகிறது. டெக்சாஸில் மரண தண்டனைக் கைதிக்கு இப்போது அன்று பிற கைதியர் உண்ணும் உணவே கிடைக்கிறது. உண்பவர் யார் என எண்ணிச் சமைக்க வேண்டிய தேவையும் அவ்வழக்கத்தோடு ஒழிந்தது. அத்தேவை ஒரு மனிதனிடம் எதைக் கோரிற்று என்பதைப் பிரைஸின் நூல் பதிவு செய்துள்ளது.