மறதியும் மாதிரியுருவும்

மறதியைக் குறையென்று கருதியே நாம் பழகிவிட்டோம். பாடத்தை மறந்த மாணவனைக் கடியாத ஆசிரியர் அரியர். மறதி மனத்தின் குறையன்று, அதன் சிக்கனமே என வாதிக்கும் கட்டுரையொன்றை 1991 ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலாரான ஜோன் அண்டர்சனும் லயல் ஸ்கூலரும் வெளியிட்டனர். அவ்வாதம் எத்துணை வலிதென்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஜேர்மனியரான எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, 1885 இல் தம் முடிபுகளை நூலாக்கினார். மீளக் கற்கையில் மிச்சமாகும் உழைப்பைக் கொண்டு அவர் அளந்தவாறு, கற்றதிற் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துள் மறைகிறது. ஒரு மாதத்தின் பின்னும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நிற்கிறது. ஏன் இவ்வாறு? அளவை மட்டும் இதற்கு விடை தராது.

அண்டர்சனும் ஸ்கூலரும் விடையை மனத்துள் தேடாது உலகில் தேடினர். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் தலைப்புக்கள், குழந்தைகளிடம் பெரியோர் பேசிய சொற்கள், அண்டர்சனுக்கு வந்த மின்னஞ்சல்கள் என்பவற்றை எண்ணிப் பார்த்தனர். நேற்றுத் தலைப்பில் வந்த சொல் இன்றும் வருதல் கூடும். பலநாள் வாராத சொல் வருதல் அரிது. இவ்வாய்ப்புத் தேயும் வளைகோடும் மறதியின் வளைகோடும் வடிவால் ஒத்தன. ஆகவே ஞாபகமானது, இனித் தேவைப்படக்கூடியது எதுவெனக் கணித்து அதனையே கைக்கெட்ட வைக்கிறது என்பது அவர் துணிபு. நினைவு கூர்தலே ஒருவகைத் தீர்மானம் என்றாயிற்று. ஒவ்வொரு பயன்பாடும் நினைவை வலுப்படுத்த, காலம் அதனைத் தேய்க்கும் என்ற சமன்பாடு அண்டர்சனின் 'அக்ட்-ஆர்' என்னுங் கணினி மாதிரியுருவில் இடம்பெற்றுள்ளது. இடைவிட்டுப் பயின்றது நெடுநாள் நிற்பதற்கும் இக்கொள்கை காரணங் காட்டுகிறது. ஓரிரவில் உருப்போடும் மாணவன், அப்பாடம் விரைவில் வேண்டாததாகிவிடும் என்றே தன் ஞாபகத்துக்கு அறிவிக்கிறான் போலும்!

அழகிய வாதமே. ஆயினும், வளைகோடுகள் ஒத்தமையால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. நெகிழ்ச்சி மிக்க மாதிரியுரு எத்தரவுக்கும் பொருந்தும். எதனை அது மறுக்கும் என்றறிந்த பின்னரே அப்பொருத்தத்தை மதித்தல் வேண்டும் என 2000 ஆம் ஆண்டில் றொபேட்சும் பஷ்லரும் எழுதினர். இக்கண்டனம் இத்துறை முழுமைக்கும் உரியது; அண்டர்சன் குழுவினர் உலகைத் தனியே அளந்தமையால் ஓரளவு தப்புகின்றனர்.

எமது ஐயம் வேறு. அவர்கள் எண்ணியது சொல் வரும் தடவையையே; அதன் கனத்தையன்று. தந்தை இறந்தார் என்ற செய்தியை ஒருவன் ஒருமுறையே கேட்கிறான். அது மீண்டும் வாராதென்றும் அறிவான். அறுபதாண்டு கழிந்தும், சொன்னவர் நின்ற இடம் அவன் கண்முன் நிற்கிறது. இத்தகைய நினைவுக்குத் தலைப்புக்களின் கணக்கில் இடமில்லை.