ராணிக்கு ராணி: பெர்லின் தற்காப்பும் மயான காண்டமும்

சதுரங்கத்தில் ராணிக்கு ராணி வெட்டிக்கொள்வதைப்போல் ஏளனத்துக்கு ஆளாகும் முடிவு வேறில்லை. பத்து நகர்த்தலுக்குள் இரண்டு ராணிகளும் பலகையைவிட்டு இறங்கிவிட்டால், சுற்றி நிற்பவர்கள் “டிராவுக்கு ஆடுகிறான்” என்று முடிவுகட்டி அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஈப்போவுக்கு வந்து ஆடும் ஓர் இளைஞரைப் பற்றியும் இதே பேச்சுதான். கறுப்புக் காய் கிடைத்தால் அவர் பெர்லின் தற்காப்பைத்தான் எடுக்கிறார். எட்டாவது நகர்த்தலில் ராணிகள் இல்லை. பயந்த ஆட்டமாம்.

பயந்தவர் எடுக்கும் வழியல்ல அது. வெள்ளை ராணி வந்து வெட்ட, கறுப்பு ராஜாவே இறங்கித் திருப்பி வெட்டுகிறது. அத்தோடு கோட்டை கட்டும் உரிமை போகிறது. சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் மாட்டிக்கொள்கின்றன. மீதிக் காய்களையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளினால், சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் கடைசி நிலையில் பெரும்பாலும் தோற்பது கறுப்புதான். டிராவுக்கு ஆசைப்படுபவர் இப்படி ஒரு கடனைத் தலையில் ஏற்றிக்கொள்வாரா? பதிலுக்குக் கிடைப்பவை இரண்டு: மந்திரி ஜோடியும், நடுப்பலகையில் அச்சமின்றி நடமாடக்கூடிய ராஜாவும். 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் இதே வழிதான் பட்டத்தைக் கைமாற்ற உதவியது. அதையும் அன்று பலர் சலிப்பூட்டும் ஆட்டம் என்றே சொன்னார்கள்.

நாடகம் எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியது. தமிழ் மேடை விடிய விடிய ஆடிய அரிச்சந்திரன் கதையில், நாடும் முடியும் முன்பகுதியிலேயே விசுவாமித்திரரிடம் போய்விடுகின்றன. பலகையில் இருந்த பெரிய காய் போயிற்று. ஆனால் ஊர் கண் விழித்துக் காத்திருப்பது மயான காண்டத்துக்குத்தான். சேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்திலும் சீசர் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே விழுகிறார்; மிச்ச இரண்டரை அங்கமும் சிறிய காய்களின் சண்டை.

பெரிய காயை ஏன் முன்னதாகவே இறக்க வேண்டும்? எந்தக் காயை நகர்த்தினாலும் கேடு, நகர்த்தாமல் இருக்கவும் விதி இடம் தராது என்ற நிலையைச் சதுரங்கக்காரர்கள் ‘சுக்ஸ்வாங்’ என்பார்கள். பலகை நிறையக் காய் இருக்கும்போது அது அபூர்வம். எங்காவது ஒரு சிப்பாயைத் தள்ளித் தப்பித்துக்கொள்ளலாம். காய் குறையக் குறையத்தான் அந்தப் பொறி வாய் திறக்கும். பிணம் எரிக்கக் கூலி வாங்கும் காவலனாக மயானத்தில் அரிச்சந்திரன் நிற்கும் இடம் அதுவே. மகனின் உடலோடு வந்திருப்பவள் மனைவி. கால்பணமும் முழத்துண்டும் கேட்டால் கொடுமை; கேட்காவிட்டால் எசமானுக்குத் துரோகம். அரண்மனையும் படையும் மந்திரிகளும் மேடையில் இருந்திருந்தால் யாராவது குறுக்கே வந்து காசை நீட்டியிருப்பார்கள். நாடகாசிரியர் முதலிலேயே எல்லாரையும் அப்புறப்படுத்தியதன் காரணம் அங்கே தெரிகிறது.

ஒரு வேறுபாடு உண்டு. நாடகம் எழுதுபவருக்கு இரண்டு பக்கக் காய்களும் சொந்தம். ஆனால் விசுவாமித்திரரை மந்தமாக ஆடவிட்டால் அரிச்சந்திரன் வென்று என்ன பயன்? எதிராளிக்கும் ஆகச் சிறந்த நகர்த்தலையே தேடித் தருபவர்தான் நல்ல ஆசிரியர். ஹுத்தான் மெலிந்தாங்காரரிடமும் அந்தக் குணம் இருக்கிறது. எதிராளி தவறுவார் என்று அவர் காத்திருப்பதில்லை. சரியாக ஆடினாலும் நகர்த்த இடமில்லாத மூலைக்கு அவரைக் கொண்டுபோகிறார்.

இனி என்ன நடக்கும்? விவரம் தெரிந்த எதிராளிகள் அடுத்த பருவத்திலேயே ராணியை வெட்ட வரமாட்டார்கள். நான்காவது நகர்த்தலில் ராணியின் முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளி, பலகையைக் காய் நிறைந்ததாகவே வைத்திருப்பார்கள். அந்த நெரிசலில் இந்த இளைஞர் சில ஆட்டங்களைப் பறிகொடுப்பார். “அப்போதே சொன்னோம்” என்பவர்களும் கிளம்புவார்கள். அவசர ஆட்டங்களில் அவருக்கு இன்னும் ஓராண்டு சிரமம்தான். தொண்ணூறு நிமிடமும், நகர்த்தலுக்கு முப்பது விநாடியும் கிடைக்கும் நீண்ட ஆட்டங்களில் நிலைமை வேறு. அங்கே ராணியை வெட்டத் துணிபவர்கள் நான்காவது மணி நேரத்தில், கடிகாரத்தில் விநாடிகள் மட்டும் மிஞ்சியிருக்க, கெடுதல் இல்லாத ஒரு நகர்த்தலைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.