பத்தாம் எண் ஏன் வெளியே உதைக்கிறார்?

வேல்ஸின் எந்தப் பள்ளத்தாக்குக் கிராமத்துக்கு சனிக்கிழமை மதியம் போனாலும் ஒரே புலம்பல்தான். ரக்பி ஆட்டம். பந்து, அணியை நடத்தும் பத்தாம் எண்காரர் கைக்கு வருகிறது. வெளிப்பக்கம் மூன்று பேர் பாஸுக்குக் காத்து நிற்கிறார்கள். அவரோ பந்தைத் தாழ உதைத்து டச்சுக்கு, அதாவது பக்கக்கோட்டுக்கு வெளியே, அனுப்பிவிடுகிறார். வேலியோரத்தில் உடனே முணுமுணுப்பு: பயந்துவிட்டார், கால் தளர்ந்துவிட்டது, இந்த ஊர் ஆடிய ரக்பியா இது?

அம்மன் பள்ளத்தாக்கில் ஆடும் ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அவர் கட்சிதான் நான், அதை மறைக்கவும் போவதில்லை. அந்த உதையைப் பயம் என்று சொல்பவர்கள் பந்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

உதைப்பதற்கு முன் அவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். எதிரணியின் கடைசிக் காவலரான ஃபுல்பேக் எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வை. அது எல்லாரும் பார்ப்பது. அதற்கும் முன்னால், பந்து இன்னும் ரக்குக்குள், ஆட்கள் முட்டி நிற்கும் குவியலின் அடியில், கிடக்கும்போதே, தன் அணி முன்வரிசையின் இடப்பக்கத்து ஆளான லூஸ்ஹெட் ப்ராப்பை ஒரு தடவை பார்க்கிறார். ப்ராப்பின் கைகள் இடுப்பில் இருந்தால் பாஸ். முழங்காலில் ஊன்றியிருந்தால் உதை. இரண்டாம் பாதியில் இது அநேகமாகத் தவறுவதே இல்லை.

காரணம் எளிது. கிராமத்து அணிக்கு முன்வரிசை என்றால் மூன்று பேர், மிஞ்சினால் நாலு. பயிற்சி பெற்ற முன்வரிசை ஆட்கள் தீர்ந்துபோனால் ஸ்க்ரத்தில், இரு அணியும் தலைகோத்து முட்டும் கட்டத்தில், யாரும் தள்ளக்கூடாது என்பது விதி. ஆள்பலம் உள்ள நகரத்து அணிக்கு அது சின்னத் தொல்லை. ஸ்க்ரத்தை நம்பியே பிழைக்கும் அணிக்கு அத்தோடு ஆட்டம் போச்சு. ஆக, நாற்பதை நெருங்கும் அந்த ப்ராப்பை எண்பதாவது நிமிடம்வரை நிற்க வைப்பதுதான் பத்தாம் எண்காரரின் முதல் வேலை. டச்சுக்குப் போன பந்து ப்ராப்புக்கு அரை நிமிட மூச்சு. பந்தை மறுபடி உள்ளே எறியும் லைன்அவுட்டுக்கு நடந்துபோகலாம், ஓட வேண்டாம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பள்ளத்தாக்கில் சமதளம் அரிது. வீடும் ரயில் பாதையும் சுரங்கமும் எடுத்தது போக மிஞ்சிய இடத்தில்தான் மைதானம். இந்த ஊர் மைதானம் ஒரு பக்கம் நன்றாகவே சரிந்திருக்கிறது. சரிவின் அடியில் ஓடை. அவர் உதைப்பது பெரும்பாலும் ஓடைப் பக்கம்தான். பந்து தானாக உருண்டு வெளியேறும் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். ஸ்க்ரத்தில் தள்ளும் ஃபார்வர்டுகள் இறக்கத்தில் நடக்கலாம் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: வெளியே போன அதே பந்தை, வேறு யார் கையும் படாமல் எடுத்தால்தான் எதிரணி சட்டென உள்ளே எறிய முடியும். ஓடைக்குள் விழுந்த பந்தை யாரோ ஒரு சிறுவன் எடுத்துத் தந்த கணமே அந்த வாய்ப்பு முடிந்துவிடுகிறது.

"நம் பாரம்பரியம் ஓடி ஆடுவது" என்று கிளப் வீட்டில் சுவரைக் காட்டிச் சொல்வார்கள். சட்டமிட்ட சட்டைகள், தொப்பிகள், 1970களின் படங்கள். சுரங்க வாயில் நின்று விசிலடித்தால் ஒரு சர்வதேச ஆட்டக்காரர் மேலே ஏறி வருவார் என்ற பழைய பேச்சும் கூடவே வரும். அழகுதான். ஆனால் அந்தச் சுவரில் இல்லாத வரலாறு ஒன்று இருக்கிறது, அது ஆள் பற்றாக்குறையின் வரலாறு. 1904-05இல் மத எழுச்சி பரவியபோது சில கிராமங்களில் அணிகளே கலைந்தன. பிறகு முதல் உலகப் போர். பிறகு 1920களிலும் 30களிலும் நிலக்கரித் தொழில் சரிந்து, இளைஞர்கள் வேலை தேடி ஊரைவிட்டுப் போனார்கள். நன்றாக ஆடியவர்கள் சம்பளத்துக்காக இங்கிலாந்தின் வடக்கே ரக்பி லீகுக்குப் போனார்கள். போனவர்களுக்கு, இங்கே ஆடும் யூனியன் ரக்பியின் கதவு மூடப்பட்டது. காசு வாங்கி ஆடலாம் என்று 1995இல் ஆன பிறகுதான் அந்தத் தடை போனது. இத்தனைக்கும் நடுவே கிளப் உயிரோடிருக்கிறதென்றால், இருக்கிற பதினைந்து பேரை வைத்து ஆடத் தெரிந்ததால்தான். ஊரின் உண்மையான பாரம்பரியம் அதுதான். பத்தாம் எண்காரர் காப்பதும் அதைத்தான்.

உதையே சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1963இல் எடின்பரோவில் நடந்த ஒரு சர்வதேச ஆட்டத்தில் 111 லைன்அவுட். எங்கிருந்தும் நேராக வெளியே அடிக்கலாம் என்றிருந்த காலம். சில ஆண்டுகளில் விதி மாறியது. இப்போது சொந்த 22 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று நேராக டச்சுக்கு அடித்தால், அடித்த இடத்துக்கு நேரேதான் லைன்அவுட். ஓரடி முன்னேற்றமும் இல்லை. பந்து உள்ளே ஒரு தடவை குத்திவிட்டு வெளியேற வேண்டும். சேற்றில், குறுக்குக் காற்றில், சரிவில் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள் அந்த வேலியோரத்து ஆட்களை.

இனி நடக்கப்போவது. கிளப் கமிட்டிக்குப் பொறுமை குறைந்துவருகிறது. நாலு ட்ரைக்கு (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவது) ஒரு போனஸ் புள்ளி என்ற கணக்கு அவர்கள் கண்ணை மறைக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பக்கத்து ஊரோடு நடக்கும் ஆட்டத்தில் இவரை உட்கார வைத்து, இளைஞர் அணியிலிருந்து ஓடக்கூடிய பையன் ஒருவனை இறக்குவார்கள். அவன் முதல் பாதியில் இரண்டு தடவை பிளந்துகொண்டு ஓடுவான், ஊரே கொண்டாடும். கடைசி இருபது நிமிடத்தில் ஸ்க்ரம் பின்னோக்கி நகரும். ஜனவரி மழையில் அது வாராவாரம் நடக்கும். பிப்ரவரியில் பழையவரைக் கூப்பிடுவார்கள்.

திரும்பி வருபவர் முன்னைவிட ஆபத்தானவராக இருப்பார். 2021இல் வந்த 50:22 விதிப்படி, சொந்தப் பாதியிலிருந்து அடித்த பந்து மைதானத்துக்குள் குத்தி எதிரணியின் 22க்குள் டச்சுக்கு வெளியேறினால் லைன்அவுட்டில் எறிவது அடித்த அணி. ஓடைப் பக்கச் சரிவு இந்த விதிக்கென்றே வெட்டி வைத்ததுபோல் இருக்கிறது. அங்கிருந்து பந்தோடு கூட்டமாகத் தள்ளிச்செல்லும் மால், மாலிலிருந்து ட்ரை. கமிட்டி கேட்ட போனஸ் புள்ளியே அந்த வழியில்தான் வரும். மார்ச் முடிவதற்குள் அவரைத் திரும்ப இறக்கினால் இந்த அணி மேல் பிரிவுக்கு ஏறும். இறக்காவிட்டால் பட்டியலின் நடுவோடு சரி. அடுத்த பருவத்தில் பக்கத்து மூன்று ஊர் பத்தாம் எண்காரர்களும் இதே உதையைத்தான் பழகிக்கொண்டிருப்பார்கள்.