எலிக்குப் பலித்த மருந்து

கொல்கத்தா பவானிபூரில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் மதிலில் ரொனால்ட் ராஸ் நினைவு வாயில் 1927 முதல் நிற்கிறது. பறவை மலேரியா கொசு வழியே பரவும் முழுச் சுழற்சியையும் ராஸ் 1898இல் கண்டது இந்த மருத்துவமனையில்தான். அதே ஆண்டு இத்தாலியில் கிராஸி குழுவினர் மனித மலேரியாவிலும் அதை நிறுவினார்கள். சினைப்பை முறுக்குக்கான மருந்தாராய்ச்சிக்கு, விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் அந்த இரண்டாம் படி இன்னும் வாய்க்கவில்லை.

சினைப்பை தன் காம்பிலேயே திருகிக்கொண்டால் முதலில் சிரை அடைபடும். உறுப்பு வீங்கிக் கறுத்துப்போகும். அறுவையில் முறுக்கை அவிழ்த்ததும் பாயும் ரத்தம் உயிர் தரும், சேதமும் செய்யும். ரத்தமின்றித் தவித்த செல்களில் தேங்கிய ஹைப்போசாந்தின் என்ற வேதிப்பொருள், புதிதாக வந்த ஆக்சிஜனோடு வினைபுரிகையில் சூப்பராக்சைடு பிறந்து செல் சவ்வை அரிக்கிறது. பின்னாலேயே வெள்ளணுக்களும் வந்து குவிகின்றன.

இந்த வேதியியலைத் தெளிவாக்கியது, எலிகளின் சினைப்பையை முறுக்கிச் செய்த ஆய்வுகளின் பெரும் நன்மை. துருக்கி ஆய்வகங்கள் இதில் முன்னணி. மெலட்டோனின், குர்குமின், சில்டெனாஃபில், மெட்ஃபார்மின் என்று விலை குறைந்த, பழகிய மருந்துகளையே பெரும்பாலும் சோதித்தார்கள். ஏறக்குறைய எல்லாமே பலன் தந்தன. எல்லாரும் ஜெயிக்கும் பந்தயத்தைச் சந்தேகிக்காமல் இருக்க முடியுமா? தோற்ற மருந்துகள் அச்சேறவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

ஆய்வின் அமைப்பைப் பாருங்கள். குழுவுக்கு ஏழெட்டு எலிகள், எல்லாம் இளசு, நோயற்றவை. மூன்று மணி நேரம் ரத்தம் நிறுத்தி, அவிழ்ப்பதற்கு அரை மணி முன்பே மருந்து கொடுத்து, சில மணி நேரத்தில் சினைப்பையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் பெண்ணுக்கு முறுக்கு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் கூடவே ஒரு கட்டியும் இருக்கும். வலி வந்து ஒரு நாள் கழித்து வருகிறவர்களும் உண்டு. கரு முட்டை மிஞ்சியதா, பிள்ளை பிறந்ததா என்பதே அவள் கேள்வி. அதை அளந்த எலி ஆய்வுகள் சொற்பம்.

இதயத்துறை இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டது. மாரடைப்பில் ரத்தம் திரும்புகையில் வரும் சேதத்தைத் தடுக்கும் என்று விலங்கு ஆய்வுகளில் நம்பிக்கை ஊட்டிய சைக்ளோஸ்போரின், 970 நோயாளிகளிடம் சோதித்து 2015இல் முடிவு வெளியானபோது பலன் தரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கறுத்துப்போன சினைப்பையை வெட்டி எறிவதே ஒரு காலத்தில் வழக்கம். இன்று அவிழ்த்து அப்படியே விட்டால், மருந்தே இல்லாமல் பெரும்பாலானவை மீள்கின்றன. எந்தப் புது மருந்தும் இதைவிடக் கூடுதலாக என்ன தருகிறது என்று காட்டியாக வேண்டும்.

இனியும் ஓர் எலி ஆய்வு வேண்டாம் என்பதே என் கருத்து. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் கொடுத்த வீட்டில் 1926இல் தொடங்கிய பவானிபூர் சேவாசதன், சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்றவை கைகோத்து, அவிழ்க்கும் மேசையிலேயே ஒரு மருந்தைச் சோதித்து, முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவையும் கருத்தரிப்பையும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

வாசகர்களுக்கு ஒன்று: அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று வலியும் வாந்தியும் வந்தால் மாதவிலக்கு வலி என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இருக்கலாம்.