இப்போதைக்கு இப்படியே எழுதிக்கோ

பைத்தான் சொல்லித்தரும் லேபில் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும்: “இப்போதைக்கு இப்படியே எழுதிக்கோ, ஏன்னு அப்புறம் பார்க்கலாம்.” கேட்ட பிள்ளை தலையாட்டிவிட்டுப் பலகையில் இருப்பதை ரெக்கார்ட் நோட்டில் இறக்கிக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலின் பெரும்பகுதி பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், சிவில், மெக்கானிக்கல் என எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் பைத்தானை வைத்தது. ஆகவே இந்த ஒரு வரிப் பதில், ஆண்டுதோறும் ஏராளமான பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தோடு ஏற்படும் முதல் பழக்கத்தைத் தீர்மானிக்கிறது. அதை ஒரு கற்பித்தல் முறையாகவே எடுத்துக்கொண்டு எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிடலாம். ஜாவாவின் வழக்கமான முறையில் திரையில் ஒரு வணக்கம் காட்டுவதற்கே கிளாஸ், பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்டு என்று அரைடஜன் சொற்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றையும் விளக்கிவிட்டுத்தான் நகர்வேன் என்று ஓர் ஆசிரியர் உட்கார்ந்தால் முதல் மாதம் அதிலேயே போய்விடும். பைத்தானில் இந்தச் சடங்குகள் இல்லை. கைடோ வான் ராசம் 1989 இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் இந்த மொழியை எழுதத் தொடங்குவதற்கு முன், அதே ஆய்வு மையத்தில் ஏபிசி என்ற மொழியில் வேலை பார்த்தவர். புதியவர்களுக்குச் சொல்லித்தருவதற்கென்றே வடிவமைத்த மொழி அது. வரிகளை உள்ளே தள்ளி எழுதினால் அவை ஒரு தொகுதி என்ற பைத்தானின் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ஒரே வரியில் வேலை செய்யும் நிரல், உடனே கண்ணெதிரே விடை. அந்த முதல் மகிழ்ச்சிக்குத் தடையாக நிற்கும் கேள்விகளைத் தள்ளிவைப்பதில் தவறில்லை.

“ஏன் சார் இங்க கோலன்?” என்று கேட்டால் தாராளமாகத் தள்ளிவைக்கலாம். கோலனை விட்டால் நிரல் ஓடாது. 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, இந்த இடத்தில் கோலன் வேண்டும் என்று பைத்தானே சொல்கிறது. திறந்த அடைப்புக்குறியை மூடவில்லை என்றால், மூடாத குறி எது என்று காட்டுகிறது. அதற்கு முன்பெல்லாம் “இலக்கணப் பிழை” என்று மட்டும் சொல்லி, பெரும்பாலும் அடுத்த வரியைக் கைகாட்டும். மொழியை உருவாக்குபவர்களே புதியவர்களின் தடுமாற்றத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்ட இடம் இது. ஆசிரியர் சொல்லாததை மெஷின் சொல்லிவிடுகிறது.

கேள்வியைத் தள்ளிவைக்கலாமா கூடாதா என்பதற்கு நான் வைக்கும் உரைகல் இதுதான். பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டு எழுதினால் மெஷின் நின்று எர்ரர் காட்டுமா, அல்லது வாய் திறக்காமல் தப்பான விடையைக் கொடுக்குமா? முதலாவது என்றால் அப்புறம் பார்க்கலாம். இரண்டாவது என்றால் அன்றைக்கே பேசியாக வேண்டும். ஒரே கேள்வி இரண்டு பக்கமும் விழுவதும் உண்டு. லூப்புக்குக் கீழே இடம் விடாமல் எழுதினால் எர்ரர் வரும். ஆனால் லூப் முடிந்தபின் வர வேண்டிய பிரின்ட் வரி தெரியாமல் உள்ளே தள்ளிப்போனால் எர்ரர் வராது. ஒரு முறை வர வேண்டிய கூட்டுத்தொகை பத்து முறை வரும். “எவ்வளவு ஸ்பேஸ் விடணும் மிஸ்?” என்ற கேள்விக்கு “நாலு விடு” என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள், கேள்வியின் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இந்த உரைகல்லை பைத்தானின் வரலாறே தாங்கி நிற்கிறது. இரண்டாம் பதிப்பு வரிசையில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3 வரும். மீதி எங்கே போனது என்று மொழி சொல்லாது. "17" என்ற எழுத்துக்கோவை 18 என்ற எண்ணைவிடப் பெரியதா என்று கேட்டால் ஆம் என்று கூசாமல் சொல்லும். 2008 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பு இரண்டையும் மாற்றியது. வகுத்தால் 3.5. எழுத்துக்கோவையையும் எண்ணையும் பெரிது சிறிது பார்த்தால் எர்ரர். பழைய நிரல்கள் உடையும் என்று தெரிந்தே செய்தார்கள்.

இவ்வளவு செய்தும் எஞ்சிய மௌனங்கள் பல. இன்புட் அவற்றில் ஒன்று. வயதைக் கேட்டு வாங்கி, அதை இரண்டால் பெருக்கிக் காட்டு என்று நிரல் எழுதுகிறாள் ஒரு மாணவி. 17 என்று தட்டுகிறாள். திரையில் 1717. “நான் பதினேழுன்னுதானே சார் கொடுத்தேன்?” அவள் கொடுத்தது இரண்டு எழுத்துகள். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்துக்கோவையாகத்தான் தரும். எழுத்துக்கோவையை இரண்டால் பெருக்கினால் அதையே இரண்டு முறை ஒட்டும். ஒன்றைக் கூட்டச் சொல்லியிருந்தால் எர்ரர் வந்திருக்கும். பெருக்கச் சொன்னதால் வரவில்லை. “முன்னாடி இன்ட் போட்டுக்கோ” என்பது வழக்கமான பதில். போட்டால் 34 வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் நம்பிக்கை அப்படியே தங்கிவிடும். தான் நினைப்பதை மெஷினும் நினைக்கிறது, உள்ளே ஒரு மனம் இருந்து நம் நோக்கத்தைப் புரிந்துகொள்கிறது என்று புதியவர்கள் உள்ளூர எண்ணிக்கொள்வதை ராய் பீ என்ற ஆய்வாளர் 1986லேயே எழுதினார். எந்த மொழியில் தொடங்கினாலும் இது வருகிறது, மற்றப் பல பிழைகளுக்கு இதுவே தாய் என்பது அவர் வாதம். 1717 திரையில் நிற்கும் அந்த நிமிடம், அந்த நம்பிக்கையை அசைப்பதற்குக் கிடைக்கும் அருமையான வாய்ப்பு. இன்ட் போட்டு மூடிவிட்டால் போயிற்று.

இதைவிட ஆழமான சிக்கல் மாறியைப் பற்றியது. நம் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 11ஆம் வகுப்பில் அவர்கள் படிப்பது சி++. அங்கே, மாறி என்பது ஒரு பெட்டி, அதற்குள் மதிப்பைப் போட்டு வைக்கிறோம் என்று சொல்லித்தருகிறார்கள். சி++க்கு அது பெருமளவு பொருந்தும். மாறியை அறிவித்ததும் நினைவகத்தில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. ஒன்றை இன்னொன்றுக்குக் கொடுத்தால் மதிப்பு நகலாகிறது. அடுத்த ஆண்டு அதே பெட்டியோடு பைத்தானுக்குள் வருகிறார்கள். முதல் சில வாரங்கள் பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. அ = 5 என்று எழுதி, ஆ = அ என்று கொடுத்து, ஆவில் ஒன்றைக் கூட்டினால் அ 5ஆகவே இருக்கிறது. பெட்டி சரிதான் என்ற எண்ணம் உறுதிப்படுகிறது.

பிறகு லிஸ்ட் வருகிறது. அ = [70, 82, 91] என்று மூன்று மதிப்பெண்கள். ஆ = அ. இப்போது ஆவில் 65ஐச் சேர்த்துவிட்டு அ-வை பிரின்ட் செய்தால் அங்கேயும் நான்கு மதிப்பெண்கள். தொடாத பெட்டியில் எப்படி ஒன்று கூடியது? மேட்ரிக்ஸ் கணக்கில் இது இன்னும் வேதனை. மூன்றுக்கு மூன்று பூஜ்யங்கள் வேண்டும் என்று [[0]*3]*3 என எழுதுவார்கள். பிரின்ட் செய்தால் அழகாக மூன்று வரிசை. முதல் வரிசையின் முதல் இடத்தில் 5 போட்டால் மூன்று வரிசையிலும் 5 வந்து நிற்கும். எர்ரர் ஒன்றும் இல்லை. லேபில் ஒரு மணி நேரத்தைத் தின்னும் பிழை இது.

பைத்தானில் பெயர் வேறு, பொருள் வேறு. சமன் குறி எதையும் நகல் எடுப்பதில்லை. வலப்பக்கம் இருக்கும் பொருளை இடப்பக்கப் பெயரோடு கட்டுகிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன லிஸ்ட் ஒன்றுதான், பெயர்கள் இரண்டு. மேட்ரிக்ஸிலும் வரிசை ஒன்றுதான், அதையே மூன்று முறை சுட்டியிருக்கிறோம். எண்களில் இந்த வேறுபாடு தெரியாமல் போனதற்குக் காரணம், 5 என்ற பொருளை யாராலும் மாற்ற முடியாது. கூட்டும்போது புதிதாக 6 என்ற பொருள் கிடைத்து, ஆ என்ற பெயர் அதற்கு மாறிக்கொள்கிறது. பலகையில் இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் பொருள்கள், நடுவே அம்புக்குறி என்று வரைந்து காட்டினால் பத்து நிமிட வேலை. பிலிப் குவோ 2010இல் உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற இலவசக் கருவி, நிரலின் ஒவ்வொரு வரிக்கும் இந்தப் படத்தைத் தானே வரைந்து காட்டும். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஒரு லிஸ்டை மாற்றினால் இன்னொன்று ஏன் மாறியது, பல பரிமாண லிஸ்டை எப்படி உருவாக்குவது, ஃபங்ஷனின் இயல்பு மதிப்பு ஏன் அழைப்புகளுக்கிடையே பகிரப்படுகிறது என்று மூன்றும் அங்கே தனித்தனியாக இருக்கின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்றே. இதைத் தள்ளிவைத்தால் பிள்ளை சும்மா இருக்காது, தானே ஒரு விளக்கத்தைக் கட்டிக்கொள்ளும். “லிஸ்ட்னா அப்படித்தான்.” “எல்லாத்துக்கும் பின்னாடி காப்பி போட்டுடு.” அதற்குப் பிறகு அதைக் கலைப்பது, முதலிலேயே சொல்லித்தருவதைவிடக் கடினம்.

பிரின்டுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள குழப்பத்தில் நம் லேப் நடைமுறைக்கும் பங்கு இருக்கிறது. ரெக்கார்ட் நோட்டில் நோக்கம், செய்முறை, நிரல், அவுட்புட் என்று எழுதுகிறோம். மதிப்பெண் அவுட்புட்டில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஃபங்ஷனும் பிரின்டில் போய் முடிகிறது. ஐடில் என்ற பைத்தான் எடிட்டரில் ஃபங்ஷனை நேரடியாக அழைத்தால், திருப்பித் தந்த மதிப்பையும் ஷெல் தானாகவே காட்டிவிடும். இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பிறகு ஒருநாள், பிரின்டில் முடியும் ஃபங்ஷனையே இன்னொரு பிரின்டுக்குள் வைக்கிறார்கள். 5 வருகிறது, அடியில் நன் (None) என்று ஒன்றும் வருகிறது. “இந்த நன் எங்கேருந்து சார் வந்துச்சு?” ஃபங்ஷன் எதையும் திருப்பித் தரவில்லை என்பதை பைத்தான் சொல்லும் விதம் அது. லிஸ்டை சார்ட் செய்து, விடையை அதே பெயருக்குக் கொடுத்தால் லிஸ்டே கைவிட்டுப் போய்விடும், பெயரில் நன் மட்டும் மிஞ்சும். சார்ட் இருக்கும் லிஸ்டையே வரிசைப்படுத்துகிறது, புதிதாக எதையும் தருவதில்லை. மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருப்பதாக ஆவணம் சொல்கிறது. அந்த வடிவமைப்பில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் ரிட்டர்னைப் புரிந்துகொள்ளாத பிள்ளைக்கு அது நினைவூட்டலாக இருக்காது, புதிராகவே இருக்கும்.

சில கேள்விகளுக்கு இவ்வளவு நேரமும் வேண்டாம். ரேஞ்சில் 1லிருந்து 10 என்று கொடுத்தால் ஏன் 9இலேயே நிற்கிறது என்ற கேள்விக்கு, கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய சிறு குறிப்பிலேயே நல்ல விடை உண்டு. கடைசி எண்ணைச் சேர்க்காமல் விட்டால், இரண்டு எல்லைகளின் வித்தியாசமே எண்ணிக்கையாகிவிடும். இரண்டு வாக்கியங்களில் முடியும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கடைசியில் ஒரு 4 ஒட்டிக்கொள்வதற்கும், பணக் கணக்கைக் காசுகளாக, முழு எண்ணில் வை என்ற அறிவுரையோடு ஒரு வாக்கியம் இப்போதைக்குப் போதும்.

தமிழ்ப் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது, அதை ஆங்கில எடுத்துக்காட்டுகளால் ஆன எந்தப் பாடமும் எதிர்பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் ஒன்றுபோல் படிக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் பாலிண்ட்ரோம் நிரல் லேபுக்கு லேப் இருக்கிறது. ஆர்வமுள்ள ஒரு மாணவன் மேடம், மலையாளம் என்று ஆங்கில எழுத்துகளில் வரும் சொற்களை விட்டுவிட்டு விகடகவியைக் கொடுத்துப் பார்க்கிறான். இல்லை என்கிறது பைத்தான். நீளம் கேட்டால் 7 என்கிறது. அவனுக்குத் தெரிந்த விகடகவிக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் வி என்பது ஒற்றைக் குறியீடு அன்று. வ ஒன்று, இகரக் குறி ஒன்று. பைத்தான் எண்ணுவதும் திருப்புவதும் அந்தக் குறியீடுகளை. திருப்பும்போது இகரக் குறி வகரத்துக்கு முன்னால் வந்து விழுகிறது, சொல் உடைகிறது. நிரலில் தப்பில்லை. எழுத்து என்று நாம் எண்ணுவதும் மெஷின் எண்ணுவதும் வேறு. தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நூலகம் இருக்கிறது. அதில் கொடுத்தால் ஐந்தெழுத்து கிடைக்கும், அந்த ஐந்தைத் திருப்பினால் விகடகவி மீண்டும் விகடகவியாகவே வரும். இதற்கு “இப்போதைக்கு இங்கிலீஷ்லயே குடு” என்று பதில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒத்துவராது என்ற முடிவோடு அவன் இருக்கைக்குத் திரும்புவான். எழுத்து எப்படி எண்ணாகிறது என்பதை ஆங்கிலப் பிள்ளைகள் பார்ப்பதைவிடத் தெளிவாகப் பார்க்கும் வாய்ப்பு அவன் கைக்கு வந்து நழுவிப்போகும்.

நேரம் இல்லை என்ற மறுப்பு உண்மையானது. போர்ஷன் முடிய வேண்டும், பிராக்டிக்கலுக்கு எக்ஸ்டர்னல் வருவார், ஒரு சிஸ்டத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாவற்றையும் அன்றே விளக்கினால் பிள்ளை திணறிப்போவதும் உண்மை. நான் குறை காண்பது தள்ளிவைப்பதை அல்ல, தேதியில்லாமல் தள்ளிவைப்பதை. தள்ளிவைத்த கேள்விகளைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, எந்தப் பாடத்தில் திரும்ப எடுப்போம் என்று குறித்தால் நேரமே ஆகாது. இப்போது எர்ரரை ஏஐயிடம் கொடுத்தால் திருத்திய நிரல் அந்த நொடியே வந்துவிடுகிறது. கேள்வி ஆசிரியர் வரைக்கும் வருவதே குறைகிறது. வரும் கேள்விகளையாவது மதித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

வைவாவில் லிஸ்டுக்கும் டூப்பிளுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டால் மனப்பாடம் செய்த இரண்டு வரி வரும். அதற்குப் பதிலாக அந்த மூன்று மதிப்பெண் லிஸ்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஆவில் 65ஐச் சேர்த்தபின் அ-வில் என்ன இருக்கும், ஏன் என்று சிஸ்டத்தைத் தொடாமல் சொல்லச் சொல்லலாம். எக்ஸ்டர்னலுக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்தான் கூடும். வைவாவில் இது வரும் என்று தெரிந்துவிட்டால், அந்த அம்புக்குறிப் படம் அடுத்த ஆண்டு முதல் லேபிலேயே பலகைக்கு வந்துவிடும்.